யோசேவாஸ் அடிகளாரைச் "சபை நிறுவனர்" என்று எழுதலாமா?

பனையடி:
எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி 16 புனித யோசேவாஸ் திருநாள். எங்கள் பங்கில் சிறப்பு மலர் போடுகிறார்கள், இரண்டு பக்கம் என் தலையில் விழுந்திருக்கிறது. தலைப்பைக் குழுவே முடிவு செய்து அனுப்பிவிட்டது: "சபை நிறுவனர் புனித யோசேவாஸ்". எனக்கு அங்கேயே இடிக்கிறது. சின்ன வயதிலிருந்து நாங்கள் கேட்டது "இலங்கையின் திருத்தூதர்" என்றுதான். ஒல்லாந்தருக்கு (டச்சுக்காரருக்கு) ஒளித்து யாழ்ப்பாணத்துச் சில்லாலைக் கிராமத்தில் இருந்தவர், கண்டியில் சிறையில் கிடந்தவர், அம்மை நோயாளிகளைப் பராமரித்தவர். சபை நிறுவினார் என்று எந்தச் சுவாமியும் பிரசங்கத்தில் சொன்னதாக ஞாபகம் இல்லை. விசயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கோவாத்தமிழன்:
குழுவை உடனே திட்ட வேண்டாம். பழைய கோவாவில் ஒரு குன்றின்மேல் அற்புதச் சிலுவைக் கோயில் என்று ஒன்று இருந்தது. இப்போது இடிபாடு மட்டும்தான். 1680களின் தொடக்கத்தில் பாஸ்கோல் த கோஸ்தா ஜெரேமியாஸ் என்ற உள்ளூர்க் குருவும் இன்னும் சிலரும் அங்கே கூடி வாழ ஆரம்பித்தார்கள். யோசேவாஸ் வந்து சேர்ந்தது 1685 செப்டம்பரில். வந்த சூட்டோடு அவரையே தலைவராக்கிவிட்டார்கள். புனித பிலிப்பு நேரி உரோமையில் தொடங்கிய ஆரட்டரி முறையை, அதாவது குருக்கள் ஒரே வீட்டில் கூடி வாழும் முறையை, எடுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கு ஒரு ஒழுங்கு கொடுத்தவர் இவர்தான். உரோமையின் அங்கீகாரம் 1706இல் வந்தது. அப்போது இவர் கண்டி இராச்சியத்தில் இருக்கிறார், கோவாவை விட்டு 20 வருசம் ஆகிவிட்டது.

சிவப்புமை:
நீங்கள் சொல்வதை வைத்தே பார்த்தால் நிறுவனர் பாஸ்கோல்தானே? இவர் இரண்டாவது வந்தவர். ஒரு வருசம்கூட முழுதாக இருக்கவில்லை, 1686இல் தலைவர் பதவியை விட்டுவிட்டு இலங்கைக்குக் கிளம்பிவிட்டார். புனிதர் பட்டம் கிடைத்தவர் பெயரில் எல்லாவற்றையும் எழுதிவிடுவது நம் ஆட்களுக்குப் பழக்கம். பாஸ்கோலுக்குப் பட்டம் இல்லை, அதனால் மலரில் இடமும் இல்லை.

கோவாத்தமிழன்:
பாஸ்கோல் பெயர் வரவேண்டும் என்பதில் மறுப்பே இல்லை. ஆனால் நான்கு குருக்கள் ஒரே கூரையின்கீழ் சமைத்துச் சாப்பிடுவதால் அது சபை ஆகிவிடாது. எதற்காகக் கூடினோம், யாருக்காக வாழ்கிறோம் என்பதை முடிவு செய்தவர்தான் நிறுவனர். 1685இல் அந்த வீட்டுக்குப் பக்திக் கூடம் என்பதைத் தாண்டி வேலை இல்லை. இவர் இலங்கைக்குப் போனபிறகு அதற்கு வேலை கிடைத்தது: இலங்கைக்குக் குருக்களை அனுப்புவது. அடுத்த 150 வருசம் அந்த வேலைதான்.

இன்னொன்றும் சேர்த்துப் பாருங்கள். அந்தக் காலத்துக் கோவாவில் கொங்கணிக் குருக்களுக்கு என்ன நிலைமை? இயேசு சபை, பிரான்சிஸ்கன், தோமினிக்கன் எல்லாம் ஐரோப்பியருக்கு. உள்ளூர்க்காரன் மறைமாவட்டக் குருவாகலாம், வெள்ளைக்காரப் பங்குக் குருவுக்குக் கீழே உதவிக் குருவாக இருக்கலாம், அவ்வளவுதான். இவரோ கோவா இயேசு சபைக் கல்லூரியில் படித்தவர், 1676இல் குருவானவர், 1681 முதல் கன்னடக் கரையில், அதாவது பசுரூர், கங்கொள்ளி, மங்களூர்ப் பக்கம், பொறுப்பில் இருந்தவர். அப்படிப்பட்டவருக்கே துறவு சபை எதிலும் இடம் இல்லை. "எங்களைச் சேர்க்க மாட்டீர்கள் என்றால் நாங்களே கூடிக்கொள்கிறோம்" என்பதுதான் அந்தக் குன்றின் கதை. ஆசியாவில் உள்ளூர்க்காரர் மட்டுமே இருந்து நடத்திய சபை அதற்கு முன் எது?

சிவப்புமை:
"உள்ளூர்க்காரர்" என்று மொத்தமாகச் சொல்லிப் போகாதீர்கள். அந்தச் சபையில் சேர்ந்தவர்கள் கொங்கணி பிராமண வம்சத்துக் கிறிஸ்தவர்கள். வெள்ளைக்காரன் நிறம் பார்த்துக் கதவைச் சாத்தினான், இவர்கள் சாதி பார்த்துச் சாத்தினார்கள். ஞானஸ்நானம் பெற்றுத் தலைமுறைகள் கடந்த பின்னும் பூணூலை மட்டும்தான் கழற்றியிருந்தார்கள். இதை எந்த மலரும் எழுதாது.

முத்துநகர்:
சிவப்புமை அண்ணா சொல்வது கசப்பாக இருந்தாலும் உண்மை. கோவாத் திருச்சபை வரலாறு படித்த யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதையும் இவரையும் ஒரே தராசில் போட வேண்டாம். சாதி வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க நினைத்த ஆள் தூத்துக்குடிக்கு வந்திருக்க மாட்டார். இங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேறியபோது குருவுக்குரிய உடை இல்லை. இடுப்பில் துணி, காலில் செருப்பு கிடையாது, கூலியாள் கோலம். கூட ஜான் என்ற பையன், வீட்டு வேலைக்காரனாக இருந்தவன். அந்த ஜானும் சாகும்வரை இவரோடு இருந்தவர் என்று படித்திருக்கிறேன்.

அப்போது எங்கள் ஊரும் ஒல்லாந்தர் கையில்தான். 1658இல் தூத்துக்குடியைப் பிடித்தார்கள், அதே வருசம் யாழ்ப்பாணக் கோட்டையும் விழுந்தது. ஆனால் பரதவர்களை மதம் மாற்ற அவர்களால் முடியவில்லை. முத்துக் குளிக்க ஆள் வேண்டுமே, ரொம்ப நெருக்கினால் கடலில் இறங்க ஆள் இருக்காது. ஆகவே கண்டும் காணாமல் விட்டார்கள். உங்கள் யாழ்ப்பாணப் பக்கம் அப்படி விடவில்லை.

பனையடி:
விடவேயில்லை. கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1658இலேயே அறிவித்துவிட்டார்கள். குருக்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். 1687இல் இவர் யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது கிட்டத்தட்ட 30 வருசமாகப் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை.

வந்ததும் வயிற்றோட்டம் பிடித்துத் தெருவில் கிடந்திருக்கிறார், இரக்கப்பட்ட ஒரு பெண் கஞ்சி கொடுத்தாளாம். எழுந்து நடமாடத் தொடங்கியதும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டிருக்கிறார். யார் கண் அந்த மணியில் நிற்கிறது என்று பார்க்கத்தான். வாய் திறந்து "நீங்கள் கத்தோலிக்கரா?" என்று கேட்டால் தலை போகும். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் ஆட்களைப் பிடித்தார், அவர்கள் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் சில்லாலை. நம்ம ஆட்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது கஞ்சி கொடுத்த பெண்ணின் ஊர் தங்கள் ஊர்தான் என்று ஆளுக்கு ஆள் அடிபடுவார்கள், அது வேறு.

மன்னார்க்காத்து:
தம்பி, ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். 30 வருசம் குரு இல்லாமல் அந்தச் சனம் எப்படி இருந்தது என்பதை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒல்லாந்தர் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வைத்தார்கள், அந்தப் பள்ளிக்கூடமே கோயில், அந்த வாத்தியார்தான் தோம்பு, அதாவது பதிவேடு, எழுதுகிறவர். பிறப்பும் விவாகமும் அந்தத் தோம்பில் ஏறினால்தான் செல்லும். ஏறாவிட்டால் பிள்ளைக்குக் காணி உரிமையில் சிக்கல், உத்தியோகம் கிடையாது. ஆகவே பகலில் பள்ளிக்கூடத்தில் பேர் பதிந்தார்கள், இராத்திரி வீட்டில் செபம் சொன்னார்கள். மூப்பரும் உபதேசியாரும்தான் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தது. மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போன குடும்பங்கள்தான் பிறகு மருதமடுவில் (இன்றைய மடு) நின்றன என்பது எங்கள் பக்கத்துப் பாரம்பரியம். அதுவும் இவர் வருவதற்கு முன்னமே.

யோசேவாஸ் வந்து விதைத்தார் என்று எழுதாதீர்கள். சனம் காத்து வைத்திருந்ததை வந்து ஒழுங்குபடுத்தினார். கோவாவில் செய்ததையேதான் இங்கேயும் செய்திருக்கிறார். அங்கே நாலு குருக்களுக்கு ஒழுங்கு, இங்கே நாலு ஊர்களுக்கு ஒழுங்கு. ஊருக்கு ஒரு மூப்பர், குரு வராத மாதங்களில் என்ன செய்வது என்று ஏற்பாடு. என்னைக் கேட்டால் இவர் நிறுவினது அதுதான்.

கோவாத்தமிழன்:
மன்னார் ஐயா ஒரே பந்தியில் விவாதத்தை முடித்துவிட்டார். நான் சுற்றி வளைத்துச் சொல்ல வந்ததும் இதுவே.

சிவப்புமை:
முடியவில்லை. 1689 நத்தாரை (கிறிஸ்துமஸை) பற்றி ஒருவரும் எழுதவில்லையே. இரவுப் பூசைக்குக் கூடியிருந்த சனத்தை ஒல்லாந்துச் சிப்பாய்கள் வளைத்துப் பிடித்தார்கள். யோசேவாஸ் தப்பிவிட்டார். சிக்கினவர்கள் சனங்கள். ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்குத் திரும்பி வந்த தொன் பேதுரு என்பவர் அடிபட்டே செத்தார், மற்றவர்கள் கோட்டையில் கடூழியம் செய்தார்கள். தப்பினவருக்குப் பலிபீடம், செத்தவருக்கு ஒரு வரி.

பனையடி:
இது என் மனதிலும் கிடக்கிற கேள்வி. ஆனால் குரு பிடிபட்டிருந்தால் முழு இலங்கைக்கும் ஒருவரும் இல்லை என்ற நிலைமை. சனங்களே அவரைத் தப்ப வைத்தார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். தொன் பேதுருவுக்கு மலரில் ஒரு பெட்டிச் செய்தி போடுகிறேன், இது வாக்கு.

கண்டிவீதி:
தாமதமாக வருகிறேன். எங்கள் பக்கத்துக் கதை இன்னும் வரவில்லையே.

யாழ்ப்பாணத்தில் நெருக்கடி முற்றியதும் புத்தளம் போனார், அங்கிருந்து 1692இல் கண்டிக்கு வந்தார். கண்டி ஒல்லாந்தருக்கு அடங்காத இராச்சியம், அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன். பௌத்த அரசன், மதத்துக்காக யாரையும் விரட்டுகிறவன் அல்ல. ஆனால் அரண்மனையில் லானரோல் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார், புரட்டஸ்தாந்தர். "வருகிறவன் போர்த்துக்கேய உளவாளி" என்று அரசன் காதில் போட்டுவிட்டார். விளைவு, விலங்கு. கூட வந்தவரையும் சேர்த்து உள்ளே தள்ளினார்கள்.

அந்தச் சிறைதான் இவருக்குச் சிங்களப் பள்ளிக்கூடம். காவல் கொஞ்சம் தளர்ந்ததும் முற்றத்தில் ஓலைக் கொட்டில் போட்டு அதையே கோயிலாக்கிவிட்டார். பிறகு நகரத்துக்குள் நடமாடலாம், இராச்சியத்தை விட்டுப் போகக்கூடாது என்று விட்டார்கள். அதற்கப்புறம் மழைக் கதை, அது எல்லோருக்கும் தெரியும்: வரட்சி, அரசன் செபிக்கச் சொன்னான், திறந்தவெளியில் பீடம் வைத்துச் செபித்தார், மழை கொட்டியது, பீடம் மட்டும் நனையவில்லை.

சிவப்புமை:
பீடம் மட்டும் நனையவில்லை. சரி.

இந்தக் கதைகள் எங்கிருந்து வருகின்றன என்றும் சொல்லுங்கள். அதே சபையைச் சேர்ந்த செபஸ்தியாவோ தோ ரேகோ எழுதிய வரலாறு 1745இல் லிஸ்பனில் அச்சாகியது. தங்கள் ஆளுக்குப் புனிதர் பட்டம் வாங்கித் தரவேண்டும் என்ற நோக்கத்தோடு எழுதியது. நாம் பிரசங்கத்தில் கேட்கிறதில் முக்கால்வாசி அதன் நிழல்தான்.

கண்டிவீதி:
மழையை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. எனக்கு 1697 போதும். அந்த வருசம் கண்டியில் பெரியம்மை. அரசன் நகரத்தை விட்டுப் போய்விட்டான், வசதியுள்ளவர்களும் போய்விட்டார்கள். அம்மை கண்டவர்களை வீட்டார் காட்டோரம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், தொற்றுக்குப் பயம். யோசேவாசும் அவருடைய மருமகன் முறையான யோசப் கர்வாலியோ என்ற குருவும் அவர்களைத் தேடித் தேடி எடுத்து, வெறும் வீடுகளிலும் கொட்டில்களிலும் கிடத்தி, கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, புண் கழுவி, செத்தவர்களைத் தாங்களே தூக்கிப் புதைத்தார்கள். பௌத்தர், கத்தோலிக்கர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அரண்மனையில் இவருக்கு எதிராகப் பேசியவர்கள் எடுபடவில்லை. இதற்குப் புதுமை எதுவும் தேவையில்லையே, அண்ணா?

சிவப்புமை:
இதற்கு நானும் தலை வணங்குகிறேன். மலரில் மழையைக் குறைத்துக் கஞ்சியைக் கூட்டுங்கள்.

முத்துநகர்:
கல்லறை கண்டியில்தானே? போகிறவர்கள் பார்க்க முடியுமா?

கண்டிவீதி:
1711 ஜனவரி 16 கண்டியில் இறந்தார், அங்கே அவருடைய கோயிலிலேயே அடக்கம். ஆனால் அந்தக் கோயிலே இல்லை. 1740களில் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில் காற்று மாறியது, குருக்கள் விரட்டப்பட்டார்கள், கோயில்கள் அழிந்தன. எந்த இடத்தில் புதைத்தார்கள் என்பதை இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. வருகிற வெளியூர்க்காரர்கள் "கல்லறை எங்கே?" என்றுதான் முதலில் கேட்பார்கள், எங்களுக்குக் காட்ட ஒன்றும் இல்லை.

மன்னார்க்காத்து:
காட்ட இல்லாவிட்டாலும் கேட்க இருக்கிறது. தவக்காலத்தில் எங்கள் பக்கத்துக் கோயில்களில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் படிப்பார்கள், தெரியும்தானே? கட்டை இராகத்தில் இழுத்து இழுத்து, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பார். சின்னப் பிள்ளைகள் நித்திரையாகிப் போவார்கள், கிழவிகள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்கள். எனக்கு இப்போதும் பாதி மனப்பாடம். அதை எழுதியவர் சாங்கோபாங்க சுவாமி. அவர் யார்? கோவாவின் திவார் தீவில் பிறந்த யாக்கோமே கொன்சால்வேஸ், அதே ஆரட்டரி சபைக் குரு, 1705இல் யோசேவாசிடம் வந்து சேர்ந்தவர். சிங்களத்திலும் தமிழிலுமாக அடுக்கடுக்காக எழுதித் தள்ளிவிட்டு 1742இல் போலவத்தையில் இறந்தார். சிங்களக் கத்தோலிக்க இலக்கியம் என்றால் இவரில்தான் ஆரம்பிப்பார்கள்.

யோசேவாஸ் பெரிய நூல் என்று ஒன்றும் எழுதவில்லை. எழுதக்கூடிய ஆள் வந்ததும் அவரை எழுத விட்டார். தாய்மொழி கொங்கணி, படித்தது போர்த்துக்கேயமும் இலத்தீனும். இங்கே வந்து ஒருவர் தமிழிலும் சிங்களத்திலும் செபம் சொன்னார், மற்றவர் அந்த இரண்டிலும் இலக்கியம் செய்தார். கோவாவில் அந்த வீடு இல்லையென்றால் சாங்கோபாங்கரும் இல்லை. பனையடித் தம்பி, மலரில் "சபை நிறுவனர்" என்று போடுவதற்கு நான் சம்மதம். ஆனால் கோவாவில் பிறந்த சபை யாழ்ப்பாணத்துக் கோயிலில் எப்படிக் கேட்கிறது என்பதைச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

பனையடி:
ஐயா, இது எனக்குப் புதுசு. ஒவ்வொரு வருசமும் கேட்கிற பிரசங்கம், எழுதியவர் இவருடைய சிஷ்யர் என்று தெரியாமலே கேட்டிருக்கிறோம்.

முத்துநகர்:
அந்தச் சபை இப்போது இருக்கிறதா? இருந்தால் அவர்களே மலருக்கு வாழ்த்துச் செய்தி தரலாமே.

கோவாத்தமிழன்:
இல்லை. 1834இல் போர்த்துக்கல் அரசு துறவு சபைகளை எல்லாம் கலைத்தது. அடுத்த வருசம் கோவாவிலும் அது நடந்தது, அற்புதச் சிலுவை வீடு மூடப்பட்டது. ஒல்லாந்தர் அழிக்க முடியாததைக் கத்தோலிக்க நாட்டு அரசாங்கம் ஒரு கையெழுத்தில் முடித்துவிட்டது. இலங்கையில் ஏற்கெனவே இருந்த குருக்கள் வயதாகி இறக்கும்வரை வேலை பார்த்தார்கள். அவர்களில் விசென்தே தோ ரொசாரியோ இலங்கையின் முதல் அப்போஸ்தலிக்க விகாரும் (திருத்தந்தை சார்பில் திருச்சபையை நடத்துபவர்) ஆனார். பின்னால் ஆள் வரவில்லை.

மன்னார்க்காத்து:
1840களில் ஐரோப்பியர் வரத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்துக்கு இத்தாலியரான பெத்தாக்கினி ஆண்டகை, 1847இல் அமலமரித் தியாகிகள் என்ற ஐரோப்பியத் துறவு சபையினர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கட்டினார்கள், அதை மறைக்கக்கூடாது. ஆனால் கோவாக் குருக்களைப் பற்றி அவர்களில் சிலர் எழுதியதைப் படித்தால் எரிச்சல் வரும். படிப்பில்லாதவர்கள், சோம்பேறிகள் என்று. 150 வருசம் ஒரு வெள்ளைக்காரரும் எட்டிப் பார்க்காத காலத்தில் காட்டிலும் சேற்றிலும் நடந்தவர்களைப் பற்றி. யோசேவாஸ் எந்தக் கதவு சாத்தியிருந்ததால் தனிவீடு கட்டினாரோ, அந்த எண்ணம் 150 வருசம் கழித்துக் கப்பலேறி இங்கே வந்திருக்கிறது.

கண்டிவீதி:
புனிதர் பட்டம் இவ்வளவு இழுத்ததற்கும் இதுதான் காரணமா? 1711இல் இறந்தவருக்கு 1995இல் முத்திப்பேறு (புனிதர் பட்டத்துக்கு முந்திய படி), 2015இல் புனிதர் பட்டம்.

கோவாத்தமிழன்:
அதை மட்டும் சொல்ல முடியாது. விசாரணை 1713இலேயே தொடங்கியது. ஆனால் பட்டத்துக்கு ஓயாமல் தள்ளுகிற ஆள் வேண்டும். பிரான்சிஸ்கனுக்கு பிரான்சிஸ்கன் சபை இருக்கிறது, இயேசு சபைக்காரருக்கு இயேசு சபை. இவருடைய சபை 1835இல் செத்துப்போனது, யார் தள்ளுவது? கடைசியில் கோவாக்காரரும் இலங்கைக்காரரும் சேர்ந்து தூசி தட்டி எடுத்தார்கள். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் இரண்டாவது புதுமைகூடக் கேட்காமல் பட்டம் கொடுத்தார்.

பனையடி:
ஜனவரி 14, கொழும்புக் காலிமுகத் திடல். தேர்தல் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஆட்சி மாறிய சூடு. விழா முடிந்த கையோடு பிரான்சிஸ் மடுவுக்குப் போனார். எங்கள் ஆட்களுக்குக் காலிமுகத் திடலைவிட அந்தப் பின்னேரம்தான் பெரிது.

சிவப்புமை:
1995ஐயும் எழுதுங்கள். முத்திப்பேறு கொடுக்கத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வந்தபோது பௌத்த பிக்குகள் சந்திக்க வரவில்லை, பௌத்தத்தைப் பற்றி அவர் எழுதியது அவர்களைப் புண்படுத்தியிருந்தது. பௌத்த அரசன் இடம் கொடுத்து வாழ்ந்த ஆளுக்கு நடந்த விழா அது.

அப்புறம், நிறுவனர் விசயத்தில் என் முடிவு மாறவில்லை. பாஸ்கோல் தொடங்கினார், யோசேவாஸ் உருக்கொடுத்தார் என்று இரண்டு பெயரும் வரட்டும். சாதி விசயத்தையும் ஒரு வரியாவது.

பனையடி:
இரண்டு பெயரும் வரும். சாதி வரிக்குக் குழு என்ன சொல்லும் என்று தெரியாது, எழுதித்தான் கொடுக்கப் போகிறேன். மன்னார் ஐயா, வியாகுலப் பிரசங்கத்தில் உங்களுக்கு மனப்பாடமான பகுதியிலிருந்து நாலு வரி தட்டச்சு செய்து போடுவீர்களா?

மன்னார்க்காத்து:
போடுகிறேன். பழைய அச்சுப் பிரதி அக்கா வீட்டில் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஞாயிறு பூசை முடிந்து வந்து போடுகிறேன். கிடைத்தால் பக்கத்தைப் படமெடுத்தும் ஏற்றிவிடுகிறேன்.